ஆறு ஃபைனல்... ஆறு தோல்வி! 'சாஃப்' பெண்கள் கால்பந்து பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

2022 செப்டம்பர் 21. டாக்கா விமான நிலையத்தில் ஒரு டபுள் டெக்கர் பஸ் காத்திருக்கிறது. மேல்கூரை கிடையாது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்தான். இந்த ஒரு ஊர்வலத்துக்காகவே அவசர அவசரமாகக் கூரையை வெட்டி எடுத்திருந்தார்கள். அதன் மேல் தளத்தில் கப்புடன் ஏறி நின்றவர்கள், பங்களாதேஷ் பெண்கள் கால்பந்து அணியினர். வழி நெடுக, ரோட்டின் இரண்டு பக்கமும் மக்கள் கூட்டம்.

அந்த பஸ் சும்மா வரவில்லை. ஃபைனலுக்கு முந்தைய நாள் சன்ஜிதா அக்தர் என்ற வீராங்கனை ஃபேஸ்புக்கில் ஒரு போஸ்ட் போட்டார். கூரையில்லாத பஸ்ஸில் கப்போடு நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஊர் கேலி பேசினாலும் எங்களை மைதானம் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்காக இதை ஜெயிக்கணும் என்பதுதான் அந்த போஸ்ட்டின் சாரம். போஸ்ட் வைரல் ஆனது. மறுநாள் ஃபைனலில் ஜெயித்தார்கள். பஸ்ஸும் வந்தது.

அவர்கள் ஜெயித்த கப்பின் பெயர் 'சாஃப் மகளிர் சாம்பியன்ஷிப்'. ஐ.பி.எல் ஏலத்தில் யார் எவ்வளவுக்குப் போனார் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு, இந்தியா ஐந்து முறை ஜெயித்த இந்தக் கோப்பையின் பெயர்கூடத் தெரியாது. வாங்க, முதலில் இருந்து பார்த்துடலாம்.

சாஃப்னா என்ன?

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பைத்தான் சுருக்கமாக 'சாஃப்' என்கிறார்கள். 1997-ல் தொடங்கப்பட்டது. தலைமையகம் டாக்காவில். இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூடான், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் என ஏழு நாடுகள் உறுப்பினர்கள்.

ஆண்களுக்கான தெற்காசியக் கோப்பை 1993-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு அதே மாதிரி ஒரு கோப்பை வர 2010 ஆனது. பதினேழு வருஷம் லேட்!

ஃபார்மேட் சிம்பிள்தான். அணிகளை இரண்டு குரூப்பாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு செமி ஃபைனல். அதில் ஜெயிப்பவர்களுக்கு ஃபைனல். மொத்தப் போட்டியும் ஒரே நாட்டில், இரண்டு வாரங்களுக்குள் முடிந்துவிடும். பெரியவர்களுக்கான இந்தப் போட்டி தவிர, 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் என்று சின்ன வயதுப் பெண்களுக்கும் தனித்தனியாக சாஃப் போட்டிகள் உண்டு.

'இதுல என்ன பெரிய விஷயம்?' என்று கேட்கலாம். தெற்காசியாவில் இருந்து எந்த நாட்டின் சீனியர் பெண்கள் அணியும் இதுவரை உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றதில்லை. ஆசியக் கோப்பைக்குள் நுழைவதே குதிரைக்கொம்பு. ஆக, காத்மாண்டுவிலோ திம்புவிலோ மாலேயிலோ பந்தை உதைக்கும் ஒரு பெண்ணுக்கு, நாட்டின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு கப்புக்காக ஆடும் வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

ஏழு போட்டிகள்... ஒரு ஸ்க்ரோலில்!

* 2010, காக்ஸ் பஜார், பங்களாதேஷ்: ஃபைனலில் இந்தியா 1-0 நேபாளம்.
* 2012, கொழும்பு, இலங்கை: இந்தியா 3-1 நேபாளம்.
* 2014, இஸ்லாமாபாத், பாகிஸ்தான்: இந்தியா 6-0 நேபாளம்.
* 2016, சிலிகுரி, இந்தியா: இந்தியா 3-1 பங்களாதேஷ். (டிசம்பரில் தொடங்கிய போட்டி, ஃபைனல் நடந்தது 2017 ஜனவரி 4.)
* 2019, விராட்நகர், நேபாளம்: இந்தியா 3-1 நேபாளம்.
* 2022, காத்மாண்டு, நேபாளம்: பங்களாதேஷ் 3-1 நேபாளம்.
* 2024, காத்மாண்டு, நேபாளம்: பங்களாதேஷ் 2-1 நேபாளம்.

லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க. ஏழு ஃபைனலில் ஆறில் நேபாளம் இருக்கிறது. ஆறிலும் தோல்வி. அதில் மூன்று ஃபைனல், சொந்த மண்ணில் சொந்த ரசிகர்களுக்கு முன்னால். கடைசி இரண்டிலும் காத்மாண்டுவின் தசரத் மைதானம் நிரம்பி வழிந்தது. பெண்கள் கால்பந்துக்கு இவ்வளவு கூட்டம் சேருவதை தெற்காசியாவில் வேறெங்கும் அடிக்கடி பார்க்க முடியாது. அந்த மைதானத்தில் கத்தித் தீர்த்துவிட்டு, வெறும் கையோடு வீட்டுக்குப் போன ரசிகர்களை நினைத்தால், இந்தியாவுக்கு சப்போர்ட் செய்பவர்களுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

இந்தியா கோலோச்சிய காலம்

முதல் ஐந்து போட்டிகளிலும் கப் இந்தியாவுக்குத்தான். 2010-ல் குரூப் மேட்ச்சில் பூடானை 18-0 என்று தோற்கடித்தது இந்தியா. ஒடிசாவின் சஸ்மிதா மாலிக் அந்தத் தொடரில் கோல் மழை பொழிந்தார். 2014-ல் மணிப்பூரின் பாலா தேவி அடித்த கோல்கள் மட்டும் 16. பின்னாளில், 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் ஒப்பந்தம் செய்ததே, அதே பாலா தேவிதான். ஐரோப்பாவில் புரொஃபஷனல் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்திய வீராங்கனை.

12 வருஷம் இந்தத் தொடரில் இந்தியாவை யாரும் தோற்கடித்ததே இல்லை. 2016 குரூப் மேட்ச்சில் பங்களாதேஷ் 0-0 என டிரா செய்ததுதான் முதல் மணியோசை. அப்போது யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022-ல் மணி சத்தமாகவே அடித்தது. குரூப் மேட்ச்சில் பங்களாதேஷிடம் 0-3. செமி ஃபைனலில் நேபாளத்திடம் 0-1. ஐந்து முறை சாம்பியன், முதல் தடவையாக ஃபைனலுக்கே போகாமல் ஊர் திரும்பியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், நிர்வாகக் குழப்பங்களால் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா சஸ்பெண்ட் செய்து, பிறகு தடையை நீக்கியிருந்தது. அந்த நேரத்தில் ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிய கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. தப்பு செய்தது ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆட முடியாமல் போனது மைதானத்தில் நின்ற பெண்களுக்கு.

2024 செமி ஃபைனல் இன்னும் டிராமா. இந்தியாவின் சங்கீதா பாஸ்ஃபோர் கோல் அடித்தார். இந்திய வீராங்கனைகள் கொண்டாடி முடிப்பதற்குள் நேபாளம் ஆட்டத்தைத் தொடங்கி பந்தை வலைக்குள் தள்ள, ரெஃப்ரி அந்த கோல் செல்லாது என்றார். நேபாளம் ஆட மறுத்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் மேட்ச் நின்றே போனது. மறுபடி தொடங்கியதும் சாபித்ரா பண்டாரி நேபாளத்துக்கு கோல் அடித்து 1-1 ஆக்கினார். பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வெளியே!

பங்களாதேஷ் எப்படி ஜெயித்தது?

கதை ஆரம்பப் பள்ளியில் தொடங்குகிறது. 2011-ல் பங்களாதேஷ் அரசு ஆரம்பப் பள்ளி மாணவிகளுக்கென்றே நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. மேகாலயா எல்லையை ஒட்டி, மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அந்த ஊர் ஸ்கூல் பெண்கள் 2013-ல் அந்தப் போட்டியை ஜெயித்தார்கள். அந்தச் செட்டில் இருந்தும், அவர்களைப் பார்த்து ஆட வந்த பெண்களில் இருந்தும் தேசிய அணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2022-ல் கப் ஜெயித்த அணியில் எட்டுப் பேர் கல்சிந்தூர்ப் பெண்கள். ஃபேஸ்புக் போஸ்ட் போட்ட சன்ஜிதாவும் அந்த ஊர்தான்.

இன்னொரு பக்கம், சிட்டகாங் மலைப்பகுதி. அங்கே இருக்கும் சக்மா சமூகத்தில் இருந்து கோல்கீப்பர் ரூப்னா, மிட்ஃபீல்டர் மோனிகா, விங்கர் ரிதுபர்ணா என மூன்று பேர். நாட்டின் மக்கள்தொகையில் சிறு துளிதான் இந்த மலைவாழ் சமூகங்கள். ஆனால் 2024 ஃபைனலின் ஸ்கோர் போர்டைப் பாருங்க. பங்களாதேஷின் முதல் கோல் மோனிகா சக்மா. 81-வது நிமிடத்தில் இடது பக்கத்தில் இருந்து வந்த வெற்றி கோல் ரிதுபர்ணா சக்மா. தொடரின் சிறந்த கோல்கீப்பர், 2022-ஐப் போலவே, ரூப்னா சக்மா.

2022 அணியின் கேப்டன் சபினா காத்தூன். அந்தத் தொடரில் எட்டு கோல்கள் அடித்து டாப் ஸ்கோரர், சிறந்த வீராங்கனை இரண்டு விருதையும் வாங்கினார். ஃபைனலுக்கு வரும் வரை அந்த அணி ஒரு கோல்கூட வாங்கவில்லை.

பஸ் ஊர்வலம் முடிந்த பிறகு...

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள்.

கூரையில்லாத பஸ்ஸில் ஊர்வலம் போய் ஆறேழு மாதம்தான் இருக்கும். 2023 வசந்த காலத்தில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று மியான்மரில். பங்களாதேஷ் பெண்கள் போகவில்லை. செலவுக்குப் பணம் இல்லை என்று அந்த நாட்டுக் கால்பந்து சம்மேளனம் கைவிரித்துவிட்டது. தெற்காசிய சாம்பியன்களுக்கு, பக்கத்து நாட்டுக்கு விமான டிக்கெட் எடுக்கக் காசு இல்லை!

அதே ஆண்டு மே மாதம் சிராத் ஜஹான் ஸ்வப்னா ஓய்வை அறிவித்தார். சாஃபில் இந்தியாவை 3-0 என வென்ற மேட்ச்சில் கோல் அடித்தவர். வயது 22. கிட்டத்தட்ட அதே நேரத்தில், பல வருஷமாக அந்தப் பெண்களை வளர்த்தெடுத்த பயிற்சியாளர் கோலம் ரப்பானி சோட்டனும் விலகிக்கொண்டார்.

2024-ல் இரண்டாவது கப். மறுபடியும் பஸ், மறுபடியும் ஊர்வலம். 2025-ல் அந்த நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றான 'ஏகுஷே பதக்' அணிக்குக் கிடைத்தது. அதே நேரத்தில், தலைமைப் பயிற்சியாளர் நடத்தும் விதம் சரியில்லை என்று சொல்லி 18 வீராங்கனைகள் பயிற்சியைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானோர் பிறகு அணிக்குத் திரும்பினார்கள். சபினா, சன்ஜிதா போன்ற சீனியர்கள் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று அணியில் இல்லை.

விருதும் போராட்டமும் ஒரே மாதத்தில். பெண்கள் கால்பந்தை ஃபாலோ செய்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கப் வந்தால் மாலை. மறுநாள் காலை பயிற்சிக்கு வந்தால் பழைய பிரச்னைகள் அங்கேயே இருக்கும்.

மேட்ச் இல்லாத எட்டு வருஷம்

தோற்றாலும் பரவாயில்லை, ஆடக் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் அணிகளும் இந்தத் தொடரில் உண்டு.

பாகிஸ்தானை எடுத்துக்கோங்க. 2014-ல் இஸ்லாமாபாத்தில் தொடரையே நடத்திய நாடு. அதன் பிறகு சம்மேளனத்துக்குள் சண்டை, கோர்ட், ஃபிஃபா சஸ்பென்ஷன். பாகிஸ்தான் பெண்கள் அணி அடுத்த சர்வதேச மேட்ச் ஆடியது 2022 சாஃபில்தான். நடுவில் எட்டு வருஷம்! கால்பந்தில் ஒருவருடைய நல்ல வயதே பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். 2014-ல் 19 வயதில் அணியில் இருந்த ஒரு பெண், திரும்பவும் களமிறங்கும்போது 27. இத்தனைக்கும் பிறகு வந்து, மாலத்தீவை 7-0 என்று ஜெயித்தார்கள். அந்த ஏழில் நாலு கோல் நாடியா கான் அடித்தது.

நேர்மாறான கதை பூடானுடையது. 2010-ல் 18 கோல் வாங்கிய அதே பூடான், 2024-ல் செமி ஃபைனல் வரை வந்தது. அந்தத் தொடரின் டாப் ஸ்கோரர், பூடானின் டெகி லாசோம். தொடர்ந்து ஆட விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இன்னொரு நாடும் இருந்தது. 2010 முதல் 2016 வரையிலான நான்கு தொடர்களிலும் ஆப்கானிஸ்தான் பெண்கள் ஆடினார்கள். 2021-ல் தாலிபான் ஆட்சிக்கு வந்ததும் வீராங்கனைகள் பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினார்கள். உள்நாட்டில் பெண்களுக்கு விளையாட்டே தடை. வெளிநாடுகளில் அகதிகளாக வாழும் ஆப்கன் வீராங்கனைகளைச் சேர்த்து ஃபிஃபா ஓர் அணியை உருவாக்க, அவர்கள் 2025-ல் மொராக்கோவில் ஆடினார்கள். ஒரு காலத்தில் காக்ஸ் பஜாரிலும் கொழும்பிலும் இந்தியாவோடும் நேபாளத்தோடும் ஒரே தொடரில் நின்ற அணி அது.

நம்ம ஊர் கனெக்‌ஷன்

2016 தொடரின் ஃபைனல். சிலிகுரி காஞ்சன்ஜங்கா மைதானம். இந்தியா 2-1 முன்னிலை. 'இன்னொரு கோல் விழுந்தால் நிம்மதி' என்ற நேரத்தில் அந்த மூன்றாவது கோலை அடித்தது இந்துமதி கதிரேசன். நம்ம கடலூர்ப் பெண். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா லாக்டவுனில் கால்பந்து நின்றுபோனபோது, சென்னையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ரோட்டில் டூட்டி பார்த்தார்.

கடலூருக்கும் பெண்கள் கால்பந்துக்கும் பழைய பந்தம் உண்டு. சுனாமியில் பாதிக்கப்பட்ட கடற்கரைக் கிராமங்களின் பெண் பிள்ளைகள் கால்பந்து கற்றுக்கொண்டு மாநில அணி வரை போன மாவட்டம் அது. இந்திய அணிக்கு ஆடும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டம்தான். தேசிய சாம்பியன்ஷிப்பை மணிப்பூரே வளைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2018-ல் அதே மணிப்பூரை ஃபைனலில் 2-1 என வீழ்த்தி தமிழ்நாடு கப் அடித்தது. 2023-ல் மறுபடியும் சாம்பியன்.

இன்னொரு சுவாரஸ்யம். பங்களாதேஷின் சபினா காத்தூனும் கிருஷ்ணா ராணி சர்காரும் 2018-ல் இந்தியன் விமன்ஸ் லீகில் ஆடியது, மதுரையின் சேது எஃப்.சி அணிக்கு! நாலு வருஷம் கழித்து, சாஃபில் இந்தியாவுக்கு எதிரான மேட்ச்சிலும் ஃபைனலிலும் கோல் அடித்த அதே கிருஷ்ணாதான். நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி, கோகுலம் கேரளாவுக்கு ஆடி, பிறகு பிரான்ஸின் கேங்காம்ப் கிளப் வரை போனார். சன்ஜிதா 2024-ல் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். சாஃபில் எதிரெதிராக நிற்பவர்கள் பலர், லீக் சீசனில் ஒரே டிரெஸ்ஸிங் ரூமைப் பகிர்ந்துகொண்டவர்கள். தங்கள் நாட்டில் ஒழுங்கான லீக் இல்லாத பெண்களுக்கு இந்திய லீக்தான் சம்பளம். அந்த லீக் நன்றாக நடந்தால் கோழிக்கோட்டுக்கும் கொல்கத்தாவுக்கும் மட்டுமல்ல, காத்மாண்டுவுக்கும் கல்சிந்தூருக்கும் லாபம்.

நாணயம் சுண்டிய ஃபைனல்!

ஃப்ரெண்ட்ஸிடம் சொல்லி அசத்த ஒரு தகவல். 2024 பிப்ரவரி, டாக்கா. 19 வயதுக்குட்பட்டோர் சாஃப் ஃபைனல், இந்தியா-பங்களாதேஷ். ஆட்டம் 1-1. பெனால்டியில் இரண்டு அணியிலும் கோல்கீப்பர் உட்பட 11 பேரும் அடித்து 11-11! தொடர்ந்து அடிக்க விடாமல், டாஸ் போட்டு முடிவு செய்ய வைத்தார்கள். டாஸில் ஜெயித்தது இந்தியா. பங்களாதேஷ் கொந்தளிக்க, ரசிகர்கள் கூச்சலிட, அந்த முடிவு வாபஸ். மறுபடி ஆட இந்தியா சம்மதிக்கவில்லை. கடைசியில் இருவரும் கூட்டு சாம்பியன். சின்னப் பெண்கள் உயிரைக் கொடுத்து ஆட, ரூல் புக்கைச் சரியாகப் படிக்காமல் கோட்டை விட்டது பெரியவர்கள்.

இனி என்ன?

2025 ஜூலையில் இரண்டு நல்ல செய்திகள் சில நாள் இடைவெளியில் வந்தன. முதலில், மியான்மரை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்ற பங்களாதேஷ், வரலாற்றிலேயே முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் ரிதுபர்ணா. 2023-ல் டிக்கெட்டுக்குக் காசில்லை என்று போகாமல் விட்டார்களே, அதே மியான்மர்!

அடுத்து, தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி இந்தியாவும் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். 2022-ல் போட்டியை நடத்தும் நாடாக உள்ளே வந்து, கொரோனாவால் அணியில் போதிய ஆள் இல்லாமல் பாதியில் விலக நேர்ந்த அதே ஆசியக் கோப்பை. இந்த முறை தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போனார்கள்.

12 அணிகள் ஆடும், 2026 மார்ச் ஆஸ்திரேலிய ஆசியக் கோப்பைக்கு தெற்காசியாவில் இருந்து இரண்டு அணிகள். சாஃப் என்ற சின்னக் கோப்பையில் ஒருவரையொருவர் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையானவர்கள் இவர்கள். ஆனால் இந்தக் கோப்பைக்கு நிலையான காலண்டர் இல்லை. முதலில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தது, 2016-க்குப் பிறகு மூன்று வருஷம் இழுத்தது. அடுத்ததும் மூன்று வருஷம். ஒவ்வொரு தாமதத்திலும் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு வயது கூடுகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. பூட்ஸ் பரண் மேல் போகிறது. மேட்ச் தேதி குறிக்கப்பட்டிருந்தால், 'அதுவரைக்கும் ஆடிக்கிறேன்' என்று அந்தப் பெண் வீட்டில் சொல்லவாவது முடியும்.

நீங்க என்ன செய்யலாம்? அடுத்த சாஃப் எப்போது என்று ஒரு கண் வைத்துக்கோங்க. ஒரே ஒரு மேட்ச் முழுசாகப் பாருங்க. உங்க ஊர் கிரவுண்டில் சாயங்காலம் பெண்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தால், போகிறபோக்கில் கமென்ட் அடிக்காமல் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துட்டுப் போங்க.

அடுத்த ஃபைனலில் நேபாளம் வந்தால் யாருக்கு சப்போர்ட் செய்வீங்க? எதிரில் இந்தியா இல்லாத பட்சத்தில்... ஏழாவது தடவையாவது அவங்க ஜெயிக்கட்டுமே!